ஏர்போர்ட் பக்கம்

என் மகள் பெங்களூரில் வேலை பார்த்த வருஷங்களில் யாராவது "எந்த ஊரு?" என்று கேட்டால் "சென்னை" என்பாள். "சென்னையில எங்க?" என்று விடாமல் கேட்டால் "ஏர்போர்ட் பக்கம்" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. எங்கள் மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது தலைக்கு மேலே விமானத்தின் அடிவயிறு தெரியும். சக்கரம் கீழே இறங்குவதைக்கூடப் பார்க்கலாம். ஆனாலும் பம்மல் என்ற எங்கள் ஊர்ப் பெயர் அவள் வாய்வரைக்கும் வந்துவிட்டு உள்ளே திரும்பிப் போவதைப் போனில் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் தாம்பரத்தில் பள்ளிக்கூடம் படித்தாள். சேலையூர், கேம்ப் ரோடு பக்கமிருந்து வரும் பிள்ளைகளுக்கு அப்பா ஆபீசில் இருப்பார், அம்மா டீச்சராக இருப்பாள். என் மகளுக்கு அப்பா தோல் பதனிடும் ஷெட்டில் மெஷின் பார்த்தார். அம்மாவாகிய நான் பத்தாவது வரை படித்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் தைத்துக் கொடுத்தேன். காலையில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் ஒருத்தி, "பம்மல் பஸ் வந்துடுச்சுடி" என்று சொல்லி மூக்கைப் பிடிப்பாளாம். மற்றவர்கள் சிரிப்பார்களாம். இதை அவள் அப்போது சொல்லவில்லை. காலேஜ் முடித்த பிறகு ஒருநாள், சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். நானும் வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இப்போது ஊரில் அந்த வாடை அவ்வளவு இல்லை. பெரிய ஷெட்டுகள் பல மூடிவிட்டார்கள். பெல்ட் தைப்பது, பை தைப்பது, கொக்கி அடிப்பது என்று சின்னப் பட்டறைகள்தான் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் ஊரின் பெயரில் ஏறிய வாடை அத்தனை சீக்கிரம் இறங்குவதில்லை போலும்.

உலகமே வீட்டிலிருந்து வேலை பார்த்த காலத்தில் அவளும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மற்றவர்கள் திரும்பிப் போனபோது அவள் போகவில்லை. வேலையை விட்டுவிட்டு, தன்னோடு படித்த மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு எங்கள் மேல்மாடியில் சொந்தமாக ஒரு கம்பெனி ஆரம்பித்தாள். வாடகைக்கு விடலாம் என்று நாங்கள் கட்டிவைத்த ஒற்றை ரூம் அது. வாசலில் ஒரு சின்ன ஜெபம் செய்து, எல்லோருக்கும் கேசரி கொடுத்து ஆரம்பித்தோம்.

அவர்கள் செய்தது சின்னப் பட்டறைகளுக்கான ஒரு ஆப். யாருக்கு எத்தனை பெல்ட் தைக்கக் கொடுத்தோம், எது திரும்பி வந்தது, எது பாக்கி என்று போனிலேயே பதிந்துவைக்கும் ஆப். எங்கள் எதிர்வீட்டில் பெல்ட் பட்டறை வைத்திருக்கும் பாய்க்கும் அவரிடம் வாங்கித் தைக்கும் பெண்களுக்கும் வாரத்துக்கு ஒருமுறை நடக்கும் வாய்ச்சண்டையை ஜன்னலிலிருந்து கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்த யோசனை வந்தது. முதலில் வாங்கிப் போட்டுக்கொண்டவரும் பாய்தான். சும்மா கொடுத்ததால் வாங்கிக்கொண்டேன் என்று எல்லோரிடமும் சொல்லுவார். ஆனால் அது ஒருநாள் நின்றுபோனாலும் எங்கள் கேட்டுக்கு வந்துவிடுவார்.

அப்படித் தெருவிலிருந்து பிறந்த கம்பெனிக்கு, தெரு வெளியே தெரியக்கூடாது என்றாகிவிட்டது. வீடியோவில் பேசும்போது அவளுக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் கட்டடம் ஒன்று தெரியும். முதல் தடவை அதைப் பார்த்த என் வீட்டுக்காரர், "நம்ம வீட்டுக்கு எப்பம்மா கண்ணாடி போட்ட? யாரு துடைக்கிறது?" என்றார். விமானம் மேலே போகும்போது அவள் மைக்கை அணைப்பாள். மசூதியில் பாங்கு சொல்லும்போது அணைப்பாள். கோயில் ஸ்பீக்கருக்கு அணைப்பாள், எங்கள் தேவாலய மணிக்கும் அணைப்பாள். நான் குக்கர் வைத்தால் மேலேயிருந்து போன் வரும். "ம்மா, அஞ்சு நிமிஷம் விசில் வராம பாத்துக்கோயேன்." விசிலை நான் எப்படிப் பார்த்துக்கொள்வது? அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பேன்.

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. பட்டறைக்காரர்கள் பிடித்துப்போய்ச் சேர்ந்தார்கள், ஆனால் அவர்களால் நாலு பேருக்குச் சம்பளம் வரும் அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. பெரிய கம்பெனி ஒன்று இந்த ஆப்பை எடுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை வந்தது. பெங்களூரில் அப்படி ஒரு கம்பெனி விசாரித்தது. கோயமுத்தூர்ப் பக்கத்து மோட்டார் பட்டறைகளுக்கு ஆப் கொடுக்கிற கம்பெனி அது. அவர்களுடைய ஆள் ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வதாக ஏற்பாடு.

"இது கிடைக்கலன்னா மூடிடுவேன்மா" என்று என்னிடம் சொன்னாள். "நான் திரும்ப பெங்களூர் போயிடுவேன். அவங்க மூணு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிடுவாங்க."

அவள் போய்விடுவாளே என்பது எனக்குத் தாய்க் கவலை. அதைவிட, தோற்றுப்போய்ப் போகிறாளே என்பதுதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. தினமும் அவர்கள் வருமுன்னே மாடிப்படியைப் பெருக்கும்போது, ஒவ்வொரு படியாக நின்று ஜெபம் செய்துகொண்டே ஏறுவேன். கர்த்தாவே, இந்தப் படியில் ஏறுகிற பிள்ளைகள் வெட்கப்பட்டு இறங்காதபடி பார்த்துக்கொள்ளும். இவ்வளவுதான் என் ஜெபம்.

வருகிறவரை மாடிக்குக் கூட்டிவரப் போவதில்லை என்று அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள். துரைப்பாக்கத்தில், கம்பெனிகள் வரிசையாக இருக்கும் அந்தச் சாலையில், மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஆபீஸ் ஒன்று இருக்கிறதாம். மேஜை, ஏசி, காப்பி மெஷின் எல்லாம் இருக்குமாம். அதில் ஒரு ரூமை எடுத்து, அதுதான் தங்கள் ஆபீஸ் என்று காட்டப் போகிறார்கள்.

"கல்யாண மண்டபம் மாதிரி ஆபீசையும் வாடகைக்கு விடறானா?" என்றார் அவள் அப்பா.

"அப்பா, பம்மல்ல ஒரு வீட்டு மாடின்னு தெரிஞ்சா யாரும் சீரியசா எடுத்துக்க மாட்டாங்கப்பா. எங்க இருக்கோம்கறத வச்சுதான் அங்கல்லாம் ஆளையே எடை போடுவாங்க. உங்களுக்கு இது புரியாது."

அவர் பேப்பரைப் பிரித்தார். தோல் ஷெட்டில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறிடம் போவதையெல்லாம் பார்த்தவர். அவருக்கா புரியாது?

அந்த வெள்ளிக்கிழமைதான் எங்கள் வீட்டில் வீட்டு ஜெபம். எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், முறைவைத்து ஒவ்வொரு வீட்டில் கூடுவோம். பாட்டு, சாட்சி, வேதத்திலிருந்து ஒரு செய்தி, கடைசியில் சுண்டலும் டீயும். முறையை மாற்ற முடியுமா என்று மகள் கேட்டாள். பிறகு அவளே, "வேணாம், நாங்கதான் இங்க இருக்கப் போறதில்லையே" என்றுவிட்டாள். மத்தியானமே நாலு பேரும் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு துரைப்பாக்கம் கிளம்பினார்கள். போகும்போது என் முன்னால் தலையைக் குனிந்தாள். நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினேன்.

அன்றைக்குச் செய்தி கொடுக்க வெளியூரிலிருந்து ஒருவர் வருவதாக இருந்தது. ஜெபக் குழுவை நடத்தும் அக்காதான் யார் மூலமாகவோ ஏற்பாடு செய்திருந்தார். எங்களில் யாரும் அவரைப் பார்த்ததில்லை. "வெள்ளச் சட்டை, கையில பை, ஏர்போர்ட்ல இறங்கி நேரா வர்றாரு" என்று மட்டும் அக்கா சொல்லியிருந்தார்.

ஹாலில் பாய் விரித்து, முன்னால் ஒரே ஒரு நாற்காலி போட்டு, ஸ்டூலில் பூ வைத்திருந்தேன். வாசலில் செருப்புகள் கேட் வரைக்கும் கிடந்தன. இரண்டாவது பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு டாக்சி நின்றது. வெள்ளைச் சட்டை, கையில் பை. ஐம்பது வயதிருக்கும். செருப்புகளை மிதிக்காமல் எங்கே காலை வைப்பது என்று தயங்கிக்கொண்டு நின்றார்.

"வந்துட்டாரு, வந்துட்டாரு" என்று அக்கா எழுந்தார். பாட்டுச் சத்தம் இரண்டு மடங்கானது. என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பையை வாங்கிக்கொண்டார். வந்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், பாட்டில் கேட்கவில்லை. அப்படியே நடத்திக்கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தோம். அக்கா தயாராக வைத்திருந்த பொன்னாடையை அவர் தோளில் போர்த்தினார். எல்லோரும் கைதட்டினோம். அவரும் என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்சம் கைதட்டினார்.

பாட்டு முடிந்ததும் அக்கா ஜெபக் குறிப்புகளைச் சொல்ல ஆரம்பித்தார். யாருக்கு ஆபரேஷன், யாருக்குப் பரீட்சை என்று வரிசையாகப் போய், "இந்த வீட்டுப் பொண்ணு மாடியில கம்பெனி நடத்துது. இன்னிக்கு பெரிய கம்பெனியிலேர்ந்து ஒருத்தர் பாக்க வர்றாராம். அவர் மனசுல கர்த்தர் தயவு வைக்கணும்னு எல்லாரும் ஜெபிப்போம்" என்றார். அந்தக் குறிப்பைக் கொடுத்தது நான்தான். எல்லோரும் கண்ணை மூடி உருக்கமாக ஜெபித்தோம். நான் அழுதே விட்டேன்.

"இப்ப நம்ம மத்தியில வந்திருக்கற ஐயா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார் அக்கா.

அவர் எழுந்தார். பொன்னாடையின் இரண்டு ஓரத்தையும் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்துக்கும் வணக்கமுங்க" என்றார். "எனக்குப் பேசவெல்லாம் வராதுங்க. நானு கோயமுத்தூருங்க, இப்ப பெங்களூர்ல இருக்கறனுங்க. அந்த மாடியில இருக்கற கம்பெனியப் பாக்க வந்ததுங்க நாந்தானுங்க."

அக்கா வேதப் புத்தகத்தைப் பாதி திறந்தபடி அவரையே பார்த்தார்.

"உங்க ஜெபத்துக்கு ரொம்ப நன்றிங்க" என்று சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் யாரோ ஒருத்தி விரித்த பாயின் கடைசியில் களுக்கென்று சிரித்தாள். அக்கா முறைத்தார். நான் எழுந்து நாற்காலியில் இருந்தவரிடம் போனேன். அவரை மெதுவாகச் சமையலறைப் பக்கம் கூட்டிவந்து தண்ணீர் கொடுத்தேன். ஹாலில் அக்கா சமாளித்து இன்னொரு பாட்டை எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்க சார்" என்றேன். "நீங்க எப்படி இங்க..."

அவர் தண்ணீரைக் குடித்து முடித்தார். "உங்க பொண்ணு அனுப்புன லொகேஷன் தொரப்பாக்கத்துல இருந்துச்சுங்கம்மா. கொட்டேஷன் அடியில அட்ரசு பம்மல்னு போட்டிருந்துச்சு. பிளைட் சீக்கிரம் வந்துருச்சு, பம்மல் பக்கத்துல. சரி, ரெண்டுல எது கம்பெனின்னு பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கேட்டார். "தொரப்பாக்கத்துல இருக்கறது என்னங்கம்மா?"

அந்த நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். இன்னொரு கிளை என்று சொல்லியிருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், பத்தாவது படித்த அம்மாவுக்கு அதெல்லாம் தெரியாதென்று அவரும் நம்பியிருப்பார். ஹாலில் பாட்டு நடக்கிறது. நான் ஜெபத்தில் அழுத ஈரம் காயாத கண்ணோடு நிற்கிறேன். பொய் வரவில்லை.

"அது இன்னிக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த ரூம் சார். கம்பெனி இதுதான். எங்க வீட்டப் பாத்தா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பொண்ணு பயந்துட்டா."

நான் மகளுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "உண்மையச் சொல்லிட்டியாம்மா?" என்றாள். "சொல்லிட்டேன்" என்றேன். "கிளம்பி வர்றேன்" என்று வைத்துவிட்டாள். துரைப்பாக்கத்திலிருந்து ரேடியல் ரோட்டில் சாயங்கால நெரிசலில் வர ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

ஒரு தட்டில் சுண்டல் வைத்து நீட்டினேன். அவர் எடுத்து ஒரு வாய் போடும்போதுதான் கேட்டிலிருந்து குரல் வந்தது.

"யக்கா! இன்னாக்கா உன் பொண்ணு இப்டி பண்ணி வச்சிருக்குது!"

எதிர்வீட்டுப் பாய். கையில் போன். நான் கேட்டுக்கு ஓடி, உதட்டில் விரலை வைத்து ஹாலைக் காட்டினேன். அவர் குரலைக் குறைத்தார். குறைத்தது அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

"ஜெபம் நடக்கட்டும், நான் இன்னா வாணாம்னா சொன்னேன்? அந்த பட்டன எங்கக்கா வச்சா? பெருசா, நடுவுல, தட்டு மாதிரி கீழ இருந்துச்சு. கண்ண மூடிகினு அமுக்குவேன். நேத்துலேர்ந்து அத சின்னதாக்கி மேல கொண்டும்போய் வச்சிருக்குது. கலர் கலரா இன்னா இன்னாவோ கீது. நான் ஒண்ண அமுக்குனா அது ஒண்ணு பண்ணுது. இருபது பெல்ட்ட யார் பேர்ல ஏத்தினேன்னு எனக்கே தெரியல. ஒரே பேஜாரா பூட்ச்சுக்கா!"

அன்றைக்கு வருகிறவருக்காக ஆப்பைப் பார்க்க லட்சணமாக மாற்றியிருக்கிறோம் என்று மகள் முந்தின நாள் சொன்னது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போச்சு, மிச்சம் இருந்ததும் போச்சு என்று நினைத்தேன். "பாய், விருந்தாளி வந்திருக்காரு, அப்புறம் வாங்களேன்" என்று கெஞ்சினேன்.

சுண்டல் தட்டோடு அவர் எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார்.

"ஏனுங்க, அந்த பட்டன் எதுக்குங்க அவ்ளோ பெருசா இருந்துச்சு?" என்று பாயிடம் கேட்டார்.

பாய் அவரை மேலும் கீழும் பார்த்தார். பொன்னாடையைப் பார்த்து யாரோ பெரிய மனிதர் என்று நினைத்திருப்பார். வலது கையை விரித்து நீட்டினார். தோல் ஒட்டும் பசை காய்ந்து விரல் நுனியெல்லாம் மஞ்சளாக மூடியிருந்தது. "இந்தக் கைக்கு சின்ன பட்டன் தெரியுமா சார்? போன் எங்க கையையே கைன்னு ஒத்துக்காது. அந்தப் பொண்ணு நாலு நாள் எங்க பட்டறையில ஒக்காந்து, பாத்து பாத்து பெருசாக்கிச்சு. நல்லா இருந்ததத்தான் கெடுத்துகினு கீது."

"பட்டறை எங்கீங்க?"

"தோ, எதுத்தாப்ல."

அவர் சுண்டலோடு செருப்பைத் தேட ஆரம்பித்தார். அத்தனை செருப்பில் அவருடைய ஷூவில் ஒன்றுதான் அகப்பட்டது. இன்னொன்று எங்கேயோ உதைபட்டுப் போயிருந்தது. என் வீட்டுக்காரர் தன்னுடைய ரப்பர் செருப்பை எடுத்துப் போட்டார். அதைப் போட்டுக்கொண்டு அவர் பாயோடு தெருவைக் கடந்து போய்விட்டார்.

அப்புறம்தான் உண்மையில் செய்தி கொடுக்க வேண்டியவர் வந்தார். பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டாராம், பாவம், அவரும் வெள்ளைச் சட்டைதான். பொன்னாடை போய்விட்டது. என் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த புதுத் துண்டை எடுத்துக்கொண்டு வந்தார். செய்தி என்னவென்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. என் காது முழுக்க எதிர்ப் பட்டறையில் இருந்தது.

மகள் மற்ற மூவரோடு ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஜெபம் முடிந்து பெண்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வெளிறிப் போயிருந்தாள். "எங்கம்மா?" என்றாள். நான் பட்டறையைக் காட்டினேன்.

கூடவே நானும் போனேன். எதிரிலிருந்தே தெரிந்தது. பெல்ட் கட்டுகளுக்கு நடுவே குட்டி ஸ்டூலில், தோளில் பொன்னாடையும் காலில் ரப்பர் செருப்புமாக அவர் உட்கார்ந்திருந்தார். கையில் டீ கிளாஸ். பாய் போனைக் காட்டிக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தார். தைக்கும் பெண்கள் இரண்டு பேர் அவருக்கு எதிராகத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சார், சாரி சார்" என்று என் மகள் இங்கிலீஷில் ஆரம்பித்தாள்.

"தமிழ்லயே சொல்லுங்க கண்ணு. இந்த பட்டன ஏன் மாத்துனீங்க?"

"அது பாக்கறதுக்கு... பட்டறை மாதிரி இருந்துச்சு சார்."

"பட்டறைக்குத்தானுங்க பண்ணுனீங்க?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் அதற்குமேல் அவளைக் குத்தவில்லை. பேச்சை மாற்றுவதுபோலத் தன் கதையைச் சொன்னார். அவர்கள் கம்பெனியும் ஒரு ஆப் செய்து கோயமுத்தூர்ப் பக்கத்துப் பட்டறைகளுக்குக் கொடுத்ததாம். பார்க்க அவ்வளவு அழகாக இருக்குமாம். கிரீஸ் கையோடு ஒருத்தரும் தொடவில்லையாம். "எங்க ஆளுங்கெல்லாம் பதினாலாவது மாடியில ஒக்காந்து பண்ணுனதுங்க. இந்த மாதிரி யாரும் கேட்டுக்கு வந்து திட்டறதுக்கு வழியே இல்லீங்க." பிறகு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணு மட்டும் சொல்லட்டுங்களா? தொரப்பாக்கத்துல ரூம் எடுத்த நேரத்துக்குப் பாயோட பட்டன அதே எடத்துல வச்சிருக்கலாம்" என்றார்.

"அதத்தான் சார் நானும் சொல்லிகினு கீறேன்" என்றார் பாய்.

என் மகள் சிரித்தாள். சிரிப்பு நிற்பதற்குள் அழுதாள். பட்டறைப் பெண்களில் ஒருத்தி, "தா, பட்டனுக்கெல்லாமா அழுவாங்க" என்று தன் முந்தானையை நீட்டினாள்.

பிறகு நாலு பேரும் அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். விமானம் போனது, பாங்கு சொன்னார்கள், யாரும் எதையும் அணைக்கவில்லை. அணைக்க அங்கே எதுவும் இல்லை, ஆளே நேரில் அல்லவா உட்கார்ந்திருக்கிறார். இறங்கி வரும்போது பொன்னாடையைக் கழற்றி அக்காவிடம் நீட்டினார். "இது அவருக்குப் போட வேண்டியதுங்களே."

"போட்டது போட்டதுதான் ஐயா" என்றார் அக்கா. ஷூவின் ஜோடியும் அதற்குள் கிடைத்துவிட்டது. முடிவு எதுவும் சொல்லாமல்தான் அவர் போனார்.

எல்லோரும் போன பிறகு மகள் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்தாள். மிச்சச் சுண்டலைச் சாப்பிட்டுக்கொண்டே, "ஏம்மா உண்மையச் சொன்ன?" என்றாள். கோபமாகக் கேட்கவில்லை.

"ஜெப நாள்ல எப்படிடி பொய் சொல்றது?"

"அப்ப மத்த நாள்ல சொல்லுவியா?"

"மத்த நாள்னா உங்கம்மா யோசிச்சிருப்பா" என்றார் என் வீட்டுக்காரர் ஹாலிலிருந்து, நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே. வீட்டில் இருந்தது நாலு நாற்காலிதான். அதை அவர் அவ்வளவு நேரம் அடுக்கினார்.

பத்து நாள் பதில் வரவில்லை. அந்தப் பத்து நாளும் படிகளில் நான் செய்த ஜெபம் மாறியிருந்தது. கிடைக்க வேண்டும் என்று கேட்பதை விட்டுவிட்டேன். அவள் மறுநாள் காலையிலேயே பாயின் பட்டனைப் பழையபடி பெரிதாக்கி நடுவில் வைத்ததற்கு நன்றி சொல்லிக்கொண்டே பெருக்கினேன்.

பதில் வந்தது. ஆப்பை மொத்தமாக எடுத்துக்கொள்ளவில்லை. கோயமுத்தூரில் சில பட்டறைகளில் ஆறு மாதம் போட்டுப் பார்க்கலாம், அதற்குச் சம்பளம் தருகிறோம், ஆனால் உங்கள் ஆட்கள் இரண்டு பேர் மாதம் ஒரு வாரமாவது அந்தப் பட்டறைகளில் வந்து உட்கார வேண்டும் என்றார்கள். மூவரில் ஒரு பையனுக்கு அதற்குள் பெங்களூரில் வேலை கிடைத்திருந்தது, அவன் போய்விட்டான். போகும் அன்று படியில் உட்கார்ந்து வெகுநேரம் ஷூ மாட்டினான். அவனுக்கும் நெற்றியில் சிலுவை போட்டுத்தான் அனுப்பினேன். அவன் வேறு மதம், ஆனால் நெற்றியைக் காட்டினான்.

ஆறு மாதத்துக்குப் பிறகு என்னவாகும் என்று எனக்குத் தெரியாது. என் மகளுக்கும் தெரியாது. என் வீட்டுக்காரர், இது கர்த்தர் செயல் என்று நான் சொன்னால், "கர்த்தர் பாதி, பாய் பாதி" என்கிறார். எனக்கு அதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பாயை அந்த நேரத்தில் கேட்டுக்கு அனுப்பியது யாராம்?

போன வாரம் மாடிக்கு டீ கொண்டுபோனேன். மகள் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கண்ணாடிக் கட்டடத்தைக் காணவில்லை. எங்கள் ஜன்னல்தான் தெரிந்தது. கம்பியில் நான் உலர்த்திய தலையணை உறையும் தெரிந்தது. அதையாவது எடுத்திருக்கலாம். யாரோ ஒரு புதுப் பெண் அந்தப் பக்கத்திலிருந்து, "மேடம், நீங்க சென்னையில எங்க?" என்று கேட்டாள்.

"பம்மல்" என்றாள் என் மகள். ஒரு விமானம் போகிற வரைக்கும் பொறுத்திருந்து, "தோல் பட்டறைங்க இருக்குமே, அந்த பம்மல்" என்றாள்.

அப்போது பார்த்துக் கீழேயிருந்து, "யக்கா! மாடியில யாராச்சும் கீறீங்களா?" என்று குரல் வந்தது. நான் டீத் தட்டோடு ஜன்னலுக்கு ஓடினேன், சத்தம் போடாதீங்க பாய் என்று கைகாட்ட. அதற்குள் லேப்டாப்பில் ஒரு ஓரத்துக் கட்டத்திலிருந்து கோயமுத்தூர்க் குரல் சிரித்தது.

"பாய் வந்துட்டாருங்களா? இருங்க, இருங்க, யாரும் மைக்க அணைக்காதீங்க. அவரு என்ன சொல்றாருன்னு கேப்போம்."